நாரை தங்க ஒரு குளம்

(கிளென் வேவர்லியிலிருந்து இணைய நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இங்கே மெல்பர்னில் மாலை ஏழு மணி. லண்டனில் இருப்பவர்கள் கையில் காலைக் காப்பி இருக்கும். டொராண்டோவில் விடிவதற்கு முன்பே எழுந்து வந்திருக்கும் நண்பர்களுக்குத் தனியாக ஒரு வணக்கம். நான் நைட் டியூட்டி பார்த்துப் பழகியவள். அந்த நேரத்தில் கண்ணைத் திறந்து வைத்திருப்பது எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்குத் தெரியும்.

தலைப்பைச் சொன்னதும் ஒருங்கிணைப்பாளர் தம்பி கொஞ்சம் தயங்கினார். "அக்கா, இலக்கியக் கூட்டத்தில் சதுப்பு நிலத்தைப் பற்றியா பேசப் போகிறீர்கள்?" என்றார். "சத்திமுத்தப் புலவரிலிருந்து ஆரம்பிக்கிறேன், யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்" என்றேன்.

நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்த பாட்டுதான். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சத்திமுத்தம். அந்த ஊர்ப் புலவர் வறுமை தாங்காமல் பிழைப்புத் தேடி மதுரைக்குப் போகிறார். குளிர். போர்த்திக்கொள்ளத் துணி இல்லை. வானத்தில் ஒரு செங்கால் நாரை பறக்கிறது. ஊரில் இருக்கும் மனைவிக்கு அதனிடம் செய்தி சொல்லி அனுப்புகிறார். நாரையின் அலகுக்கு அவர் சொன்ன உவமையைத்தான் நமக்கு வாத்தியார்கள் விளக்கினார்கள், பரீட்சையிலும் அதைத்தான் கேட்டார்கள்.

நாற்பது வயதுக்கு மேல், ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்த பிறகு, அந்தப் பாட்டைத் திரும்பவும் வாசித்தேன். வேறொன்று கண்ணில் பட்டது. புலவர் அந்த நாரையை நேராக வீட்டுக்குப் போகச் சொல்லவில்லை. முதலில் எங்கள் ஊர்க் குளத்தில் தங்கு, பிறகு என் மனைவியைப் பார் என்கிறார். அந்தப் பறவை குமரி வரை போய் வடக்கே திரும்புகிற வலசைப் பறவை என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. தூரம் போகிற பறவைக்கு நடுவில் இறங்க ஒரு நீர்நிலை வேண்டும் என்பதும் தெரிந்திருக்கிறது. குளம் இல்லை என்றால் நாரை இறங்காது. நாரை இறங்காவிட்டால் அந்தச் செய்தி அந்த அம்மாளுக்குப் போய்ச் சேராது. நான் இன்று பேச வந்தது அந்தக் குளத்தைப் பற்றித்தான்.

1971 பிப்ரவரி 2ஆம் தேதி, ஈரானில் காஸ்பியன் கடலோரத்தில் உள்ள ராம்சர் என்ற ஊரில் ஓர் உலக உடன்படிக்கை உருவானது. ஈரநிலங்களைக் காப்பதற்கான உடன்படிக்கை. ஏரி, குளம், சதுப்பு, கழிமுகம், அலையாத்திக் காடு, பீட் என்கிற கரிச்சதுப்பு எல்லாம் அதற்குள் வரும். நீர்ப்பறவைகளின் வாழிடம் என்பதுதான் அன்றைக்கு முதல் கவலை. உலகிலேயே முதலில் அந்தப் பட்டியலில் சேர்ந்த இடம் ஆஸ்திரேலியாவின் வடக்கில் உள்ள கோபர்க் தீபகற்பம், 1974-ல்.

அந்த உடன்படிக்கையில் எனக்குப் பிடித்த ஒரு சொல் இருக்கிறது. பட்டியலில் சேர்ந்த இடங்களைப் பாதுகாக்கச் சொல்கிறது; நாட்டில் உள்ள எல்லா ஈரநிலங்களையும் அறிவோடு பயன்படுத்தச் சொல்கிறது. வேலி போட்டு மனிதரை வெளியே துரத்து என்று சொல்லவில்லை. எடுத்துக்கொள், ஆனால் குளம் குளமாகவே இருக்கும்படி எடு என்கிறது. ஆதியாகமத்தில் தோட்டத்தில் வைக்கப்பட்ட மனிதனுக்கும் இரண்டு வேலைதான் கொடுக்கப்பட்டது. நிலத்தைப் பண்படுத்த வேண்டும், அதைக் காக்கவும் வேண்டும். பாதி வேலையை நாம் ஆர்வமாகச் செய்தோம்.

இந்தச் சொல் வருவதற்கு வெகுகாலம் முன்பே அதன்படி வாழ்ந்த ஓர் ஊரை எனக்குத் தெரியும். திருநெல்வேலி மாவட்டம், நாங்குநேரி வட்டத்தில் கூந்தன்குளம். என் ஆச்சி வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்விடலாம். நீங்கள் படத்தில் பார்த்திருக்கும் சரணாலயங்களில் பறவைகள் குளத்து மரங்களில் கூடு கட்டும். கூந்தன்குளத்தில் தெருவில் கட்டும். வீட்டுப் புறவாசல் மரத்தில் கட்டும். மஞ்சள் மூக்கு நாரை கூட்டில் நிற்கும், கீழே அம்மாமார் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பார்கள். எச்சம் கூரையில் விழும், வாடை அடிக்கும். யாரும் கல்லெடுக்க மாட்டார்கள். தீபாவளிக்கு வெடி போட மாட்டார்கள். கூட்டிலிருந்து விழுந்த குஞ்சுகளை எடுத்து மீன் ஊட்டி வளர்த்தவர்கள் அந்த ஊரில் உண்டு.

சின்ன வயதில் ஆச்சியிடம் கேட்டேன், ஏன் விரட்ட மாட்டேங்கிறாங்க என்று. "பேறுகாலத்துக்கு வந்த பிள்ளைய யாராவது வெரட்டுவாங்களாட்டி?" என்றாள். பிற்பாடு பிரசவ வார்டில் நின்றபோது அந்த வார்த்தையைப் பலமுறை நினைத்திருக்கிறேன்.

இதில் அன்பு மட்டும் இல்லை, கணக்கும் இருக்கிறது. பறவையின் எச்சம் குளத்தில் விழுந்து, அந்தத் தண்ணீர் வயலுக்குப் பாயும்போது அது உரம். வண்டலும் உரம். செங்கல்பட்டுப் பக்கம் வேடந்தாங்கல்காரர்களும் இதே கணக்கைத் தெரிந்தவர்கள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது கலெக்டரிடம் முறையிட்டு, 1798-ல் காப்பாணை வாங்கியதாக அந்த ஊர் வரலாறு சொல்கிறது. கூந்தன்குளத்தை அரசு சரணாலயமாக அறிவித்தது 1994-ல். ஊர் அதற்கு வெகு முன்பே அறிவித்துவிட்டது. தமிழ்நாட்டில் நீண்ட காலம் கோடியக்கரை ஒன்றுதான் ராம்சர் பட்டியலில் இருந்தது. 2022-ல் கூந்தன்குளம், வேடந்தாங்கல், பள்ளிக்கரணை என்று வரிசையாக அறிவிப்பு வந்தது. 2025-ல் எண்ணிக்கை 20. இந்திய மாநிலங்களில் அதுதான் அதிகம்.

இப்போது நான் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு வருகிறேன். கிளென் வேவர்லி என்றால் நமக்கு நல்ல பள்ளிக்கூடம், ரயில் கடைசி நிறுத்தம், வீட்டு விலை. இந்தப் புறநகரின் கிழக்குப் பக்கத்தில் பெய்யும் மழை டான்டெனாங் ஓடைக்குப் போகிறது. ஜெல்ஸ் பூங்காவில் பிள்ளைகளோடு நடந்திருப்பீர்கள். அதன் ஓரமாக ஓடுகிறதே, அதே ஓடைதான். தெற்கே போய்க் கடலில் சேர்கிறது. ஆனால் 150 ஆண்டுகளுக்கு முன்னால் அது கடலுக்கு நேராகப் போகவில்லை. காரம் காரம் என்ற பெரிய சதுப்புக்குள் போய்ப் பரந்து, ஆற அமரத்தான் கடலைத் தொட்டது. மோர்டியாலக்கிலிருந்து ஃப்ராங்க்ஸ்டன் பக்கம் வரை கடற்கரை மணல்மேட்டுக்குப் பின்னால் நீரும் நாணலும் விலாங்குமாக இருந்த நிலம் அது. பூனுராங் மக்களின் உணவுக் களஞ்சியம்.

வந்து குடியேறியவர்கள் கண்ணுக்கு அது வீண் நிலமாகத் தெரிந்தது. 1870களில் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள். நாம் இன்று பேட்டர்சன் ஆறு என்று சொல்லிப் படகு விடுகிறோமே, அது ஆறே இல்லை, வெட்டிய வாய்க்கால். மிச்சம் பிழைத்தது எடித்வேலிலும் சீஃபர்டிலும் இரண்டு துண்டு. சேர்த்து 261 ஹெக்டேர். 2001-ல் அவை ராம்சர் பட்டியலில் சேர்ந்தன.

கிழக்கே கூ வீ ரப் என்ற இன்னொரு சதுப்பு இருந்தது, இதைவிடப் பல மடங்கு பெரியது. அங்கே இருந்தது பீட் மண். செத்த செடிகொடி தண்ணீருக்கடியில் காற்றுப் படாமல், மக்காமல், ஆயிரக்கணக்கான ஆண்டு அடுக்கடுக்காகச் சேர்ந்து உண்டான கருப்பு மண். உலக நிலப்பரப்பில் சுமார் 3 சதவீதம்தான் இந்த மண். ஆனால் உலகத்துக் காடுகளின் மரங்கள் எல்லாம் பிடித்து வைத்திருப்பதைவிட அதிகக் கரியை அது பிடித்து வைத்திருக்கிறது. தண்ணீரை வடித்தால் மண் காய்ந்து சுருங்கும், நிலம் தாழும், தீப்பிடித்தால் மண்ணே எரியும். பிடித்து வைத்த கரி காற்றில் போகும். கூ வீ ரப்பை 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் வடித்தார்கள். நல்ல விளைச்சல் வந்தது. நாம் கடையில் வாங்கும் ஆஸ்பரகஸ் பெரும்பாலும் அங்கிருந்துதான். வெள்ளமும் திரும்பத் திரும்ப வந்தது. 1934-ல் வந்தது பெருவெள்ளம். நிலம் விற்பனையான சேதி தண்ணீருக்குத் தெரியாது. அது பழைய வழியிலேயே வரும்.

எடித்வேலுக்கு ஒரு தடவை போய்ப் பாருங்கள். கோடையில் கூர்வால் உள்ளான் வரும். உள்ளங்கையில் அடங்கும் பறவை, எடை நூறு கிராம்கூடத் தேறாது. சைபீரியாவில் குஞ்சு பொரித்து, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து, இந்த 261 ஹெக்டேரைத் தேடி வருகிறது. ஃப்ராங்க்ஸ்டன் ரயில் பாதையை எடித்வேலில் தரைக்குக் கீழே இறக்கத் திட்டம் போட்டபோது, அந்தப் பள்ளம் சதுப்பின் நிலத்தடி நீரோட்டத்தை மாற்றுமா என்று தனியாகச் சுற்றுச்சூழல் ஆய்வு நடத்தி, அதன் பிறகே வேலையைத் தொடங்கினார்கள். ரயிலும் ஓடுகிறது, உள்ளானும் வருகிறது. அறிவோடு பயன்படுத்துவது என்றால் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். தோண்டுவதற்கு முன்னால் கேள்வி கேட்கிற சலிப்பான வேலை.

இந்த நாட்டின் மூத்த குடிகளுக்கு அது புதிதல்ல. விக்டோரியாவின் தென்மேற்கில் பட்ஜ் பிம் என்ற இடத்தில் குண்டிட்ஜ்மாரா மக்கள் எரிமலைக் கல்லால் வாய்க்காலும் தடுப்பும் கட்டி விலாங்கு மீன் வளர்த்தார்கள். 6,600 ஆண்டு பழமை. 2019-ல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. நம் ஊர் மடையும் கலிங்கும் பார்த்தவர்களுக்கு அதைப் பார்த்தால் மெய்சிலிர்க்கும்.

சரி, குளம் என்னதான் செய்கிறது? எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன். வார்டில் சில நோயாளிகளுக்கு நாங்கள் திரவக் கணக்கு எழுதுவோம். உள்ளே எவ்வளவு போனது, வெளியே எவ்வளவு வந்தது. சிறுநீரகமோ இதயமோ தளர்ந்தால் கணக்கு இடிக்கும். வெளியேற வழியில்லாத நீர் காலில் இறங்கும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழும், எடுத்த பிறகும் குழி நிற்கும். அந்தக் காலைப் பார்த்து, "கால்தான் கெட்டுப்போச்சு" என்று யாரும் வைத்தியம் பண்ண மாட்டோம்.

ஊருக்குச் சதுப்புதான் சிறுநீரகம். ஓடி வரும் வெள்ளம் அங்கே வேகம் குறைந்து பரவும். வண்டல் கீழே படியும். நாணலும் கோரையும் சத்தை உறிஞ்சும். காற்றில்லாத சேற்றில் வாழும் பாக்டீரியா, சாக்கடையும் உரமும் கொண்டுவந்த நைட்ரேட்டை வெறும் நைட்ரஜன் வாயுவாக்கி வானத்துக்கு அனுப்பிவிடும். மழைக்காலத்தில் வாங்கியதைக் கோடையில் நிலத்தடிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். அதை மூடிவிட்டால் நீர் தெருவில் நிற்கும், வீட்டுக்குள் நிற்கும். கால் வீக்கத்தை வைத்தியம் பண்ணுவது மாதிரி நாம் மோட்டார் வைத்துத் தெருவிலிருந்து இறைப்போம்.

2015 டிசம்பரில் சென்னை அப்படித்தான் வீங்கியது. தென்சென்னையின் நீர் வடிய இருந்த இடம் பள்ளிக்கரணை. பழையவர்கள் அதைக் கழுவெளி என்பார்கள். 1960களில் 5,000 ஹெக்டேருக்கு மேல் இருந்ததாகச் சொல்லும் சதுப்பு அது. குப்பைமேடும் சாலையும் கட்டடங்களும் போக, இன்று ராம்சர் பட்டியலில் இருப்பது சுமார் 1,247 ஹெக்டேர். நம் மொழி இந்த வரைபடத்தை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறது. ஏரி, ஏந்தல், தாங்கல், கண்மாய், ஊருணி, கழி, கழுவெளி. ஊர்ப் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. வானையும் மழையையும் பாடியவருக்கு நாம் கோட்டம் கட்டியதே நுங்கம்பாக்கம் ஏரி இருந்த இடத்தில்தான்.

இங்கேதான் நான் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இதைச் சொல்லாமல் பறவையைப் பற்றி மட்டும் பேசிவிட்டுப் போனால் இந்த உரை பொய்.

2013-ல் என் கணவரும் நானும் தென்சென்னைக்கு வெளியே ஒரு மனை வாங்கினோம். கொழுந்தனார் வாட்ஸப்பில் படம் அனுப்பினார். பச்சைப் புல், ஓரத்தில் நீலத் தண்ணீர், பறக்கும் கொக்கு. ஏரிக் காட்சி என்று பெயர் வைத்திருந்தார்கள். இங்கே ஓவர்டைம் பார்த்த காசு. "டாலரில் நினைத்துப் பார், ஒன்றுமே இல்லை" என்று சொல்லிக்கொண்டோம். நாங்கள் போய்ப் பார்த்தது சித்திரை மாதம். கட்டாந்தரை. கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

2015 டிசம்பரில் மைத்துனர் மகன் ஒரு படம் அனுப்பினான். எங்கள் மனையின் எல்லைக்கல் தெரியவில்லை. பக்கத்து வீட்டின் ஜன்னல் கம்பி பாதிவரை தண்ணீர். விளம்பரப் படத்தில் இருந்த கொக்கு மட்டும் நிஜமாக வந்திருந்தது; சுற்றுச்சுவர் மேல் நின்றது. ஏரிக் காட்சி என்றார்கள், நாங்கள் நின்ற இடமே ஏரி.

அடுத்த கோடையில் மனையை விற்றோம். மறுபடியும் சித்திரை, மறுபடியும் கட்டாந்தரை. வாங்கியது ஓர் இளம் தம்பதி. அந்தப் பெண்ணுக்கு அப்போது ஆறு மாதம். "மழைக்குத் தண்ணி நிக்குமா அக்கா?" என்று போனில் என்னைத்தான் கேட்டாள். "அந்த வருஷம் சென்னை முழுக்கத்தானே நின்றது" என்றேன். அது பொய் இல்லை. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை என்று எனக்குத் தெரியும். நோயாளியின் வீட்டார் கேட்டால் நான் ஒருபோதும் அப்படிப் பதில் சொல்ல மாட்டேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது இரவு முழுக்க செல்பேசியில் செய்தி பார்த்தேன். அந்தத் தெரு வருமா என்று பார்த்தேன். வரவில்லை. வராததால் ஒன்றும் தீர்ந்துவிடவில்லை. அந்தப் பிள்ளைக்கு இப்போது பள்ளிக்கூடம் போகிற வயது.

நண்பர்களே, குளத்தை மூடுகிறவர்கள் என்றால் நம் மனதில் அரசியல்வாதியும் மனை வியாபாரியும் வருகிறார்கள். அவர்கள் யாருக்காக மூடுகிறார்கள்? வாங்குகிறவனுக்காக. அந்த வரிசையில் வெளிநாட்டில் இருக்கும் நாம் முன்னால் நிற்கிறோம். ஊரில் ஒரு துண்டு நிலமாவது இருக்கட்டும் என்கிற நம் ஏக்கத்தைத்தான் அவர்கள் விலை போட்டு விற்கிறார்கள். ஊருக்குத் திரும்ப ஆசைப்பட்டு, ஊர் தங்கும் குளத்தை நாமே வாங்கி மூடுகிறோம். ஊருக்குச் செய்தி அனுப்பிய புலவரின் வரிசையில் வந்தவர்கள் நாம்.

அதனால் சில காரியங்களைச் சொல்கிறேன். ஊரில் மனை வாங்குவதற்கு முன் புல எண்ணைக் கேளுங்கள். அ-பதிவேட்டில் அந்த எண் என்னவாக இருக்கிறது என்று பாருங்கள். தமிழ்நாடு அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். பட்டா இருப்பது மட்டும் போதாது, பக்கத்துப் புல எண்களையும் பாருங்கள். ஏரியோ வாய்க்காலோ எங்கே முடிகிறது என்று தெரியும். கூகுள் எர்த்தில் பழைய ஆண்டுகளின் படத்தைப் பின்னோக்கி நகர்த்திப் பாருங்கள். முக்கியமாக, சித்திரையில் போகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் போங்கள். அந்தத் தெருவில் பழைய ஆள் ஒருவரிடம் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேளுங்கள். விற்கிறவர் நீங்களாக இருந்தால், கேட்காமலே சொல்லுங்கள்.

இலங்கையிலிருந்து கேட்டுக்கொண்டிருப்பவர்களுக்கு: கொழும்பு 2018-ல் ராம்சர் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்றது. முதன்முதலாக அந்தப் பெயர் பெற்ற 18 நகரங்களில் அதுவும் ஒன்று. 2010 வெள்ளத்துக்குப் பிறகு, ஊருக்குள் மிஞ்சிய சதுப்புகளை வெள்ளம் தாங்கும் இடமாகக் காப்பது கட்டடம் கட்டுவதைவிட மலிவு என்று கணக்குப் போட்டுத்தான் அந்த வேலையில் இறங்கினார்கள். மன்னாரில் வங்காலைச் சரணாலயம் 2010 முதல் பட்டியலில் இருக்கிறது. ஊருக்குப் போகும்போது பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

இங்கே இருப்பவர்கள் குப்பைத் தொட்டியைக் கிளறும் வெள்ளை அரிவாள் மூக்கனைப் பார்த்து முகம் சுளிக்காதீர்கள். அதன் சொந்த ஊர் மக்குவாரி சதுப்பு மாதிரியான உள்நாட்டு ஈரநிலங்கள். ஆற்று நீரைத் திருப்பினோம், வறட்சியும் சேர்ந்தது, அது பிழைப்புக்கு நகரத்துக்கு வந்தது. கிடைத்த வேலையைப் பார்க்கிறது. நம்மில் பலருடைய கதைதான்.

போன சனிக்கிழமை டியூட்டி முடிந்து ஜெல்ஸ் பூங்கா ஏரிக்குப் போனேன். நடுத்தீவில் அரிவாள் மூக்கன்கள் கூட்டம் கூட்டமாக அடைந்துகொண்டிருந்தன. நல்ல வாடை. பக்கத்தில் நடந்த ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்குக் கூந்தன்குளத்துப் புறவாசல் ஞாபகம் வந்தது. அங்கேயே நின்று, அந்தப் பெண்ணின் எண் இன்னும் செல்பேசியில் இருக்கிறதா என்று பார்த்தேன். இருக்கிறது. இந்த வருஷம் கார்த்திகைக்கு முன்னால் அவளைக் கூப்பிட வேண்டும். என்ன சொல்வது என்று இன்னும் யோசிக்கிறேன். கூப்பிடுவேன் என்று உங்கள் முன்னால் சொல்லிவிட்டால் பின்வாங்க முடியாது. அதற்காகவும்தான் இந்த உரைக்கு ஒப்புக்கொண்டேன்.

கேள்விகள் இருந்தால் கேளுங்கள். கூடவே, உங்கள் ஊர்க் குளத்தின் பெயரையும் எழுதுங்கள். அது இன்னும் இருக்கிறதா என்பதையும்.